கோழி அடைகாத்த மெஷின்

பர்மாவில் மாவ்பி என்ற ஊரில் நாங்கள் விற்ற முதல் மெஷினின் உமிப் பெட்டிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மோரி சயா குனிந்து பார்த்தார். நான் பின்னால் நின்றேன்.

மோரி ஜப்பான்காரர். இன்சீனில் பட்டறை வைத்து, கரண்டை நம்பாமல் உமியை எரித்தே நெல்லைக் காயவைக்கும் மெஷின் செய்தார். நான் அங்கே ஃபோர்மேன். 'சயா' என்பது பர்மாவில் ஆசிரியருக்கும் முதலாளிக்கும் பொதுவான மரியாதைச் சொல். இந்த மெஷின் தேறினால்தான் அடுத்தது, இல்லாவிட்டால் பட்டறையை மூடிவிடுவேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

வாரம் தவறாமல் போன் போட்டு விசாரிப்பது என் வேலை. மெஷினை வாங்கிய முத்தம்மாக்கா "நல்லா இருக்கு தம்பி" என்பார். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதைச் சயாவிடம் ஒப்பிப்பேன். ஒருநாள், அதெல்லாம் ஒரு பதிலா என்று எரிச்சல்பட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு மாவ்பிக்குக் கிளம்பிவிட்டார்.

விஷயம் இதுதான். சயா நெட்டையானவர். உமி போடும் வாயைத் தன் உயரத்துக்கு வைத்திருந்தார். முத்தம்மாக்கா அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்தால் பாதி உமி கண்ணில் விழும். மூன்றாம் நாளே அக்கா களத்தில் தார்ப்பாயை விரித்து, பழையபடி வெயிலில் காயப்போட்டுவிட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று சயா கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, "அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்து செஞ்சு குடுத்த மனுசன். எப்புடித் தம்பி சொல்றது? ஆனாடே" என்றார்.

எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று குறையை விழுங்கிவிடுவதற்குப் பர்மியர் சொல்லும் சொல் அது. இங்கே வாழும் நம் தமிழ் ஆட்களுக்கும் அது ஒட்டிக்கொண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

எனக்கும்தான். வாய் உயரம் என்று வெல்டிங் வைக்கும்போதே எனக்குத் தெரியும். சயா மாதக்கணக்கில் பாடுபட்டுப் போட்ட டிராயிங் ஆயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று அதை அப்போது சொல்லிவிட்டேன்.

சயா என் பெயருக்கு முன் 'கோ' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து, தனக்குத் தெரிந்த பர்மிய மொழியில் சொன்னார்: "கோ சேகர், மெஷின் கெட்டா சரிபண்ணிடலாம். நீங்க வாயை மூடிக்கிட்டா நான் எதைச் சரிபண்றது? உங்களக் கேக்காம வரைஞ்சது என் தப்பு."

அக்காவைத் தலைகுனிந்து வணங்கினார். கோழியைக் கூடைக்கு மாற்றச் சொல்லி, மத்தியானம் வரை அக்காவை உமி போடவைத்து, மண்ணில் உட்கார்ந்து பார்த்தார். அக்காவின் முழங்கை உயரத்தை டேப் வைத்து அளந்தார். எந்த முதலாளியும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் வாயைத் தாழ்த்திக்கொடுத்தோம். ஒரு லோடு நெல் காய்ந்து இறங்கியதும் எப்படி இருக்கிறது என்று சயா கேட்டார். அக்கா வழக்கம்போல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"நெல்லு நல்லாக் காயுது. ஆனா புகை பூராவும் என் அடுப்படிக்குள்ள வருது. அந்தக் குழாயத் திருப்பி வைக்கச் சொல்லு தம்பி."

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். சயா முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் மெஷின் வித்திருக்கு" என்றார்.

மறுநாள் இரண்டாவது மெஷினின் டிராயிங்கை என் முன்னால் விரித்து, பென்சிலை என் கையில் கொடுத்தார். சரியில்லை என்று பட்ட மூன்று இடத்தைச் சுழித்தேன். அதுவரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது மரியாதையே இல்லை. அந்த மனிதரை அவர் தப்போடு தனியாக விட்டிருந்தேன்.