சம்பா சோறும் மாமாவின் விசால மனசும்

சென்ற மாதம் என் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வியாபாரிகள் கூடி நடத்திய விழா. இன்றைக்கு மாமா மூன்று ஹோட்டல்களுக்கு முதலாளி. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக மைக்கை விடாமல் பேசினார். "வாழ்க்கையில ஜெயிக்கணும்னா மனசு விசாலமா இருக்கணும். நல்லத யாரு சொன்னாலும் காது குடுத்துக் கேக்கணும். நான் தமிழன்தான். ஆனா மலையாளத்துச் சோத்த எங்கடைல போட்டேம் பாத்தியளா, அன்னைக்குத்தான் ஜெயிச்சேன்" என்றார். மண்டபமே கைதட்டியது. என் அம்மாவும் தட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பந்திக்குக்கூட நிற்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

விசால மனசாம்! மண்ணாங்கட்டி! அந்த மனசு எவ்வளவு விசாலம் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயசு.

மாமா அம்மாவுக்கு அண்ணன். பணகுடியிலிருந்து வந்து, தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவர் கல்லாவில் உட்காருவார், அம்மா அடுப்படியில் வேகுவாள். பக்கத்தில் பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் நம் ஊர்க் கொத்தனார்களும் சித்தாள்களும் மத்தியானம் வந்து குவிவார்கள். என் அப்பாவும் அங்கே கொத்தனார்தான். பொன்னியரிசிச் சோறு, புளிக்குழம்பு, ரசம், ஒரு கூட்டு. அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, மாமாவும் யோசிக்கவில்லை.

கட்டடம் எழும்பி முடிந்தது. ஆட்களெல்லாம் கொல்லம், எர்ணாகுளம் என்று வேலை இருக்கும் இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அப்பாவும் கொல்லம் போய், வாரக் கடைசியில் மட்டும் வந்துபோனார். கடை ஈயாடியது. பஸ்ஸுக்கு வந்தவர்கள், ஆபீஸ்காரர்கள், லாட்ஜில் தங்கியவர்கள் என்று மலையாளிகள் மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்கள். "அண்ணாச்சி, சம்பா சோறு உண்டோ?" என்பார்கள். சம்பா என்றால் அங்கே குண்டு குண்டாக, சிவப்பாக இருக்கும் புழுங்கலரிசி. அது இல்லாவிட்டால் அவர்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. "வெள்ளச்சோறுதான் சாரே" என்று மாமா விறைப்பாகச் சொல்வார். வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கடையை மூடினால் எங்கள் பாடு முடிந்தது. ஊருக்குத் திரும்பி அம்மா பீடி சுற்ற வேண்டியதுதான். நானோ மலையாளப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. தமிழில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. பணகுடிக்குப் போனால் உன்னை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைப்பார்கள் என்று அத்தை சொல்லி வைத்திருந்தாள். ஊருக்குப் போவோம் என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து ஓடிவிடுவேன்.

அம்மா ஒருநாள் சொன்னாள். "அண்ணே, ரெண்டு சோறும் வடிப்போம். ஒரு பானை அது, ஒரு பானை இது. வாறவன் வெறும் வயித்தோட திரும்ப வேண்டாம்லா."

"ஏளா, கரண்டி பிடிக்கவ கரண்டியப் பிடி. கடைய நான் பாத்துக்கிடுதேன். அவன் வீட்டுச் சோறு வேணும்னா அவன் வீட்டுக்குப் போட்டும்" என்றார் மாமா.

அம்மா விடவில்லை. இன்னொரு நாள் சொன்னாள், மறுபடி சொன்னாள். பொம்பளை வாய் ஓயாது என்று மாமா கல்லாவில் இருந்தபடியே ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்வார். இத்தனைக்கும் அம்மா சும்மா சொல்லவில்லை. நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் சுற்றிலும் மலையாளக் குடும்பங்கள். அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, தெரிந்த மலையாளத்தை வைத்துக்கொண்டு, சம்பாவை எப்படி வேகவைப்பது, எவ்வளவு நேரம் மூடி வைப்பது என்று கேட்டுக் கேட்டுப் படித்திருந்தாள். வீட்டில் வைத்தும் பார்த்தாள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு பிடித்தது.

மாமா ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனார். அம்மா துணிந்துவிட்டாள். முதல் நாளே சம்பா வைத்தாள். கேட்டு வந்த ஒருத்தர் உட்கார்ந்தார். அவர் மறுநாள் நாலு பேரைக் கூட்டிவந்தார். அதற்கு மறுநாள் பெஞ்சில் இடமில்லை. எதிர் லாட்ஜில் தங்கியிருந்த கிளார்க் சார் ஒருவர், "சேச்சி, வீட்டில் உண்ட மாதிரி இருக்கு" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு மறுசோறு வாங்கினார். அம்மா அடுப்படிக்குள் போய்த் தனியாகச் சிரித்ததை நான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்து நின்றார். நெற்றியில் கொடைத் திருநீறுகூட அழியவில்லை. கடை நிறைய ஆட்கள். அதைப் பார்த்தார். இலையில் சிவப்புச் சோறு. அதையும் பார்த்தார். நேரே அடுப்படிக்குள் போய், துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கி, பன்றிப் பண்ணைக்காரன் எச்சில் எடுக்க வைத்திருந்த நீல டிரம்மில் அத்தனை சோற்றையும் கவிழ்த்தார். ஆவி பறந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது.

"எங்கடைல என்னக் கேக்காம எவ பானை ஏத்துனா?"

"சோத்தக் கொட்டாதிய அண்ணே. ஏசணும்னா என்ன ஏசுங்க" என்றாள் அம்மா.

"வெளிய போட்டி. இனிமே இந்தப் படி ஏறக் கூடாது."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கடை நிறைந்திருப்பதைக் கண்ணால் கண்ட மனுஷன்! ஆறு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன்! கண்ணால் கண்டும் ஏறாத மண்டையில், காதால் கேட்டு ஏறியதாம். மைக்கில் சொல்கிறார்.

அம்மா கரமனையில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். மாமா கடை பழையபடி காலியாகக் கிடந்தது. கடையை மூடப் போவதாக அத்தை வந்து அழுதுவிட்டுப் போனாள். எனக்கென்றால் நல்லா வேணும் என்றிருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் அதில்தானே சாப்பிட வேண்டும்? கரமனை வீட்டுச் சம்பளமும் எங்கள் வாடகைக்குக் காணாது. இரண்டு குடும்பத்துக்கும் அந்தக் கடைதான் கதி.

ஒரு சாயங்காலம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகையில், பஸ் ஸ்டாப்பில் அந்த கிளார்க் சார் நின்றிருந்தார். அம்மா தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் போனாள்.

"சாரே, ஒரு உபகாரம். சம்பா சோறு போட்டா கடை ஓடும்னு எங்க அண்ணன்ட்ட நீங்க ஒரு வார்த்தை பறயணும். நான் பறஞ்சதா மட்டும் பறயண்டா."

சாருக்கு ஆச்சரியம். "அது சேச்சிடெ ஐடியா அல்லே? சேச்சிதன்னெ பறஞ்சால் போரே?" என்றார். நீயே சொன்னால் போதாதா என்கிறார்.

"நான் பறஞ்சாச்சு சாரே" என்றாள் அம்மா.

 அவர் சரி என்று தலையை ஆட்டினார். எனக்கு ஒரே குஷி. பெரியவர்கள் சேர்ந்து மாமாவை ஏமாற்றப் போகிறார்கள், அதில் எனக்கும் பங்கு! யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சில நாள் கழித்து கடை வாசலில் புதுப் பலகை தொங்கியது. அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். "ஊண் ரெடி. சம்பா சோறு உண்டு." ஊண் என்றால் சாப்பாடு. "அப்படியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா வேகமாக நடந்தாள்.

முதல் நாளே சொதப்பிவிட்டது. மாமாவும் அத்தையும் சம்பாவைப் பொன்னி மாதிரியே கொதிக்க விட்டு, பொன்னி வடிக்கிற நேரத்துக்கே வடித்துவிட்டார்கள். அது எங்கே வேகும்? இலையில் விழுந்தபோது கலகலவென்று சத்தம் கேட்டதாம். "அண்ணாச்சி, இது சோறோ சரளைக்கல்லோ?" என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்திருக்கிறது. அன்று எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு. கரமனையிலிருந்து அம்மா அப்போதுதான் வந்து காலை நீட்டினாள். ஆட்டோவில் அத்தை வந்து இறங்கினாள்.

"ஏளா, ஒரு எட்டு வந்திருட்டி. மானம் போவுது."

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்கக் கூடாதா? நானாக இருந்தால் அந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அம்மா கடைக்குள் போனதும் வேகாத சோற்றைத் திரும்பப் பானையில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, தீயைக் கூட்டினாள். நன்றாகக் கொதித்ததும் இறக்கி, ஈரச் சாக்கால் மூடினாள். எழுந்துபோகப் பார்த்தவர்களுக்கு சூடாகக் கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டு, நார்த்தங்காய் ஊறுகாயோடு என்னிடம் கொடுத்தனுப்பினாள். யாரும் போகவில்லை. சோறு வந்தபோது பூப் போல இருந்தது. கிளார்க் சாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். கல்லாவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. மாமாட்ட படிச்சுக்கோ. நல்லத யாரு சொன்னாலும் கேக்கணும். சாரு சொன்னாரு, அந்த நிமிசமே கேட்டேம் பாத்தியா? அந்தப் புத்தி இருந்தாத்தான் ஒலகத்துல ஜெயிக்க முடியும். ஒங்கம்மைக்கு அதெல்லாம் வராது. அவளுக்கு வீம்பு மட்டுந்தான் தெரியும்."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சாரைப் பார்த்தேன். அவர் குனிந்து இலையில் மோரைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்று, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாமாவும் கூடவே சிரித்தார்.

"நாளைலேருந்து வேலைக்கு வா. ஆனா சொன்னதக் கேட்டு நடக்கணும், என்ன?" என்றார் அம்மாவிடம்.

"சரி அண்ணே" என்றாள் அம்மா.

நாங்கள் வெளியே வந்தோம். ஊருக்குப் போக வேண்டாம், என் பள்ளிக்கூடம் போகாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா, மாமாவ நல்லா ஏமாத்திட்டோம்லா? நாமதான ஜெயிச்சோம்?" என்று கேட்டுக் கேட்டுக் குதித்தேன். "ஆமாட்டி, ஜெயிச்சுட்டோம்" என்றாள். பஸ்கள் சீறிக்கொண்டு திரும்பும் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்தாள். ரோட்டைக் கடந்து, சந்துக்குள் திரும்பி, எங்கள் லைன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் பிடியைத் தளர்த்தவில்லை. என் வளையல் மணிக்கட்டில் அழுந்தி வலித்தது. வலிக்குதும்மா என்று சிணுங்கினேன். பஸ்ஸுக்குப் பயந்துதான் அம்மா இன்னும் இப்படி இறுக்கிப் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.