சீவிய உருத்து

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் காணிச் சட்டத்தின் சொற்களைக் கறுப்புக் கோட்டுப் போட்ட எந்த அப்புக்காத்துக்கும் விளக்கிச் சொல்லுவேன். முதுசம் என்பது முதுசொம்; முன்னோர் வைத்துவிட்டுப் போன சொத்து. எனக்கு அப்படி ஒரு பனைகூட இருக்கவில்லை. தேடியதேட்டம், கலியாணத்துக்குப் பிறகு தேடிச் சேர்த்தது. புங்குடுதீவில் நான் கட்டிய கல்வீடும் நல்ல தண்ணீர்க் கிணறும் அதுதான். தென்பகுதியில் கடை நடத்திக் கட்டினேன். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது, வீடு மிஞ்சியது.

சீதனம், ஸ்திரீதனம் என்ற வடசொல்லின் தேய்வு. பெண்ணுக்கே உரியது. மறு வருடம் ஒரே மகளுக்கு அந்த வீட்டைச் சீதனமாக எழுதினோம். மாப்பிள்ளை வீட்டார் விறாந்தையில் கதிரைகளில் இருந்தார்கள். உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எழுதி வாசித்துக்கொண்டு வந்த நொத்தாரிசு, "தாய் தகப்பனின் சீவிய உருத்து நீங்கலாக" என்ற இடத்தில் நிமிர்ந்தார்.

"வீடு பிள்ளைக்கு. நீங்கள் ரெண்டு பேரும் கண் மூடுமட்டும் இதிலை இருக்கிற உரிமை உங்களுக்கு. வழமையாய்ப் போடுறதுதான், முதலாளி."

"அதை வெட்டும். குடுத்துப்போட்டு ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டிருக்கிற ஆள் நானில்லை."

குசினி வாசலில் நின்ற என் மனைவி, "அது கிடந்தால் உங்களுக்கு என்ன பாரம்?" என்றாள்.

"நீர் தேத்தண்ணியைக் கொண்டு வாரும்."

சம்பந்தியார், "மனுசன் எண்டால் இப்பிடி இருக்க வேணும்" என்றார். எனக்கு வயிறு நிறைந்தது. வரி வெட்டப்பட்டது.

மகளும் மருமகனும் வெளிநாடு போனார்கள். இரண்டு வருடத்தில் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஐந்து அறை வீட்டில் நான் ஒருவன். சில நாட்களில் நான் வாய் திறந்தது மீன்காரனிடம் "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்ல மாத்திரம்.

பிறகு மருமகனின் கடிதம் வந்தது. அங்கே வீடு வாங்குவதால் இதை விற்கிறார்களாம்; நான் கொழும்பில் ஓர் அறை எடுத்து இருக்கலாமாம். அடியில் மகள், "கோவிக்காதேங்கோ அப்பா" என்று எழுதியிருந்தாள்.

நொத்தாரிசிடம் ஓடினேன். "உறுதியிலை அந்த வரி இல்லை, முதலாளி. என்னாலை ஏலாது. மகளிட்டை எழுதிக் கேளுங்கோ." மூன்று தரம் எழுத இருந்தேன். கேட்டுப் பழகாத கை. முகவரியை மட்டும் எழுதிவிட்டுப் பேனையை மூடி வைத்தேன்.

வாங்கியவர் வேலிக்கு அங்கால் இருக்கும் கிழக்கு வளவுக்காரர். உறுதி முடித்த அன்று வந்து படியில் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் ஒரு இடமும் போக வேண்டாம். இருக்குமட்டும் இருங்கோ. எனக்கு வளவும் கிணறும்தான் தேவை."

நல்ல மனிதர். ஆனால் இருக்கச் சொல்வது வேறு, இருக்கும் உருத்து வேறு. ஒன்று அவர் மனம் மாறும்வரை; மற்றது நான் சாகும்வரை.

அதன்பிறகு வளவில் பனம்பழம் விழுந்தால் வேலியடிக்குப் போய், "தம்பி, ஒண்டு எடுக்கட்டே?" என்று கேட்பேன். "இதென்ன கேள்வி அண்ணை, எடுங்கோ" என்பார். அடுத்த நாளும் கேட்பேன். அவர் வீட்டில் இல்லாத நாட்களில் பழம் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.