பைன் காய் வைத்த நாற்காலிகள்

சுற்றுலா வழிகாட்டி என்றால் ஊரைக் காட்டுபவர் என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். உண்மையில் கழிப்பறையைக் காட்டுபவர். இந்த வேலையில் சிக்கியிருக்கும் சக பாவிகளுக்கு இது புதிதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது என் குழுவில் வந்த திலகம் அன்ரிக்கு நடந்த அநியாயத்தை. முழங்கால் வலிக்காரருக்கு உட்கார இடம் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு பழைய மாளிகை, பதினாறு நாற்காலிகள் இருந்த அறையில் அவரை நாற்பது நிமிடம் நிற்க வைத்தது.

நான் சிட்னியில் சட்டம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். சனிக்கிழமைகளில் ஹோம்புஷில் ஒரு சின்ன டிராவல் ஆபீஸில் வேலை. ஜூலை விடுமுறையில் பதினோரு தமிழர்களை என்னிடம் ஒப்படைத்து, கிழக்கு இங்கிலாந்தின் வயல்வெளிப் பக்கம் பழைய மாளிகைகளையும் சர்ச்சுகளையும் காட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

பதினாறு நாற்காலிகள்

அந்த மாளிகையில் ஒவ்வொரு நாற்காலி மேலும் காய்ந்த பைன் மரக் காய் ஒன்று இருந்தது. 'உட்காராதே' என்று பலகை வைப்பது மரியாதைக் குறைவாம். கரடுமுரடாக ஒரு காயை வைத்துவிட்டால் யாரும் உட்கார மாட்டார்களாம். எனக்கு இது முன்பே தெரியும். அதனால் எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

விளக்கம் சொன்ன பெண்மணி திரைச்சீலைகளின் வரலாற்றில் மூழ்கியிருந்தார். அன்ரி மெல்ல ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தார். "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று குரல் வந்தது. கையை எடுத்துவிட்டு என் காதோரம் கேட்டார், "இது ஆற்றை பிள்ளை?" யாருடையது என்கிறார். நாற்காலியின் சரித்திரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "இந்த வீட்டுக் குடும்பத்தோடது அன்ரி, அவங்க மேல் மாடியிலதான் இருக்காங்க" என்றேன். அன்ரி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்ப வருவினம் போல."

இரண்டு வரிப் பதில்

அன்று மாலையே மாளிகைக்கு நான்கு பத்தியில் ஒரு புகார் எழுதினேன். கொடுத்த வாக்கு, மீறிய கடமை, வயது, முழங்கால் எல்லாம் வரிசையாக. மறுநாள் காலை இரண்டே வரியில் பதில்: வருந்துகிறோம், மடக்கு முக்காலிகள் வாசலிலேயே இருக்கின்றன, யாரும் கேட்கவில்லை. ஓட்டை தேடி மூன்று தடவை படித்தேன். கேட்க வேண்டியவள் நான்தான். வாதத்தில் தோற்பது எனக்குப் பழக்கமில்லை, அதுவும் காலை உணவுக்கு முன்னால்.

திலகம் அன்ரி யாழ்ப்பாணத்தில் தன் வீட்டைக் கட்டிமுடித்த வருடமே அதை விட்டுக் கிளம்ப வேண்டிவந்தவர். பிறகு சிட்னியில் பிளாக்டவுன். முதியோர் இல்லக் குசினியில் சமைத்துச் சமைத்துப் போன வருடம்தான் ஓய்வு பெற்றார். தனக்காக அவர் கிளம்பிய முதல் பயணம் இது. அதனால் ஓட்டலில் ஒரு மடக்கு முக்காலியை இரவல் வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த இடத்தில் அவர் முன் போய் நின்றேன். அவர் பஸ் சீட்டை விட்டு அசையவில்லை.

"நான் இதுக்குள்ளையே இருக்கிறன். நீங்கள் போய்ட்டு வாங்கோ."

மலை தேடியவர்

எங்கள் ஆபீஸ் விளம்பரத் தாளில் யாரோ ஒரு மலைப் படத்தைப் போட்டுவிட்டார்கள். நாங்கள் போன இடமோ இட்லித் தட்டைக் கவிழ்த்தால் வரும் மேடு பள்ளம்கூட இல்லாத தரை. மெல்பர்னிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட கோபால் அங்கிள் போகுமிடமெல்லாம் மலையைக் கேட்டார். இருநூறு வருடத்துக் காற்றாலை ஒன்றின் உச்சிக்கு ஏற்றிவிட்டேன். கோதுமை, வாய்க்கால், மறுபடி கோதுமை.

இறங்கும்போது, அன்ரி பஸ்ஸிலேயே இருப்பது எல்லோருக்கும் வசதி, வேகமாகப் போகலாம் என்று அங்கிள் ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்று கழிப்பறையில் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டவர் யார் என்று கேட்டேன். குறுகலான படியில் இதையெல்லாம் கேட்டிருக்கக் கூடாது. பின்னால் ஏழு பேர் நின்றார்கள். அங்கிள் கோபிக்கவில்லை. பேச்சை மட்டும் மாற்றினார்.

"இதுக்கு எங்க மல்கிரேவ் ஆபீஸ் கார் பார்க்கே போதும்மா, மொட்டை மாடிக்குப் போனா தூரத்துலயாவது மலை தெரியும்."

பதினோரு ஜோடி

கடைசி நாள் ஒரு கிராமத்துச் சர்ச். எழுநூறு வருடப் பழசு என்றேன். உடனே பத்துப் பேரும் வாசல் மண்டபத்தில் செருப்பையும் ஷூவையும் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நானும்தான். பக்கத்திலேயே ஏழைகளுக்கான துணி நன்கொடைப் பெட்டி இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பெட்டியைக் காலி செய்ய வந்த அம்மையார் செருப்பு, ஷூ அத்தனையையும் தன் கார் டிக்கியில் அடுக்கிவிட்டார்.

பார்த்தது பஸ்ஸிலிருந்த திலகம் அன்ரி ஒருவர்தான். டிரைவரை விடாமல் ஹார்ன் அடிக்க வைத்திருக்கிறார். நாங்கள் வெறுங்காலோடு ஓடிவந்தபோது அந்த அம்மையார் முகமெல்லாம் சிவந்து நின்றார். மன்னிப்புக் கேட்டது அவரா நாங்களா என்று இப்போதும் குழப்பம்.

"இவ்வளவு நல்ல செருப்புகளை யாராவது தானமாகத் தருவார்களா என்று அப்போதே யோசித்தேன்," என்றார் அவர்.

பிடித்து வைத்த இடம்

நன்றி சொல்ல பஸ்ஸில் ஏறினேன். "இதுதான் கடைசி இடம் அன்ரி. உள்ளே வரிசை வரிசையா பெஞ்சு இருக்கு, ஒரு தடவை இறங்குங்களேன்."

"அதுவும் பிடிச்சு வச்சிருப்பினம்."

"யாரு?"

"முன்னமே வந்த வெள்ளைக்காரர். அண்டைக்கு அந்த மாளிகையிலை பாத்தனீதானே, பஸ்ஸிலை கைலேஞ்சி போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, கதிரைக்குக் கதிரை காய் வச்சிருந்தவை. ஆக்களும் வரேல்லை, கதிரையும் தரேல்லை. எங்களுக்கு இருக்க இடமில்லை எண்டால் பிறகு ஏன் இறங்குவான்?"

மூன்று நாள் இவர் முழங்காலுக்காக வாதாடியிருக்கிறேன். வலித்தது முழங்கால் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னேன்: "ஐயோ அன்ரி, அது இடம் பிடிக்க இல்லை. யாருமே உட்காரக் கூடாதுன்னு வச்சது. வெள்ளைக்காரங்களும் நின்னுதான் பார்க்கிறாங்க. வீட்டுக்காரங்களே உட்கார முடியாது. பராமரிக்க முடியாம வீட்டை ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்துட்டு மேலே ரெண்டு ரூமுல இருக்காங்க."

அன்ரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"தங்கட வீட்டிலை தாங்களே இருக்க ஏலாத சனமோ, அப்ப எங்கட ஆக்கள்தான், கையைப் பிடி பிள்ளை, இறங்குவம்."