யாரோ போட்ட ஜெர்கின்

நிவேதா, தருண், ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். போனில் சொன்னால் அம்மா நடுவில் அழுவாள், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற வேறு பிள்ளைகள் படித்தாலும் நல்லதுதான். அவர்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பார்சல் வந்திருக்கலாம்.

மலேசியாவில், நான் இருக்கிற இந்தக் கிள்ளானில் காலை பத்து மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி என்று எந்த மாதமானாலும் அப்படித்தான். அந்த வெக்கையில் நான் செய்கிற வேலை, பனி கொட்டுகிற தேசத்துக் கோட்டுகளைப் பிரித்துக் குவிப்பது. ஜப்பானிலும் கொரியாவிலும் போட்டுக் கழித்த துணிகளை அமுக்கி மூட்டை கட்டிக் கப்பலில் அனுப்புகிறார்கள். இங்கே அதற்குப் பண்டல் என்று பெயர். பட்டையை அறுத்ததும் மூட்டை புஸ்ஸென்று உப்பி, அடைத்து வைத்த வாடை முகத்தில் அடிக்கும். பாச்சை உருண்டையும் பழைய வியர்வையும் பூஞ்சையும் கலந்த வாடை. பைக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும், அது வேலை விதி. மூக்குச் சிந்திக் காய்ந்து கல்லாகிப்போன டிஷ்யூ வரும். பாதி தின்ற மிட்டாய் வரும். ஒரு தடவை பல்செட் வந்தது. கழுத்துப் பட்டையில் நரைமுடி ஒட்டியிருக்கும். மூன்று வருஷமாகியும் சோற்றைக் கையால் பிசைய எனக்குக் குமட்டுகிறது. கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். போனில் அதைப் பார்த்துத்தான், "அப்பா துரை ஆயிட்டாரு" என்று தருண் சிரித்தான்.

நல்லதை ஒரு குவியலிலும், சுமாரானதை அடுத்ததிலும், ஒன்றுக்கும் ஆகாததை எண்ணெய் துடைக்கிற துணிக் குவியலிலும் போட வேண்டும். எங்களுக்கு மேலாள் மேகலா அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. ஒரு மூட்டையில் எல்லாத் துணியிலும் கழுத்துப் பக்கம் வெள்ளைத் துண்டு தைத்து, எனக்குப் புரியாத ஒரே வார்த்தையை எழுதியிருந்தது. ஸ்வெட்டர், காலுறை, உள்பாவாடை வரைக்கும். என்ன அக்கா இது என்று கேட்டேன்.

"ஓல்ட் ஃபோக்ஸ் ஹோம் லா. தொவைக்கும்போது மாறிடக் கூடாதுன்னு பேர் தைப்பாங்க. ஆள் போயிட்டா மொத்தமா இங்க வந்துரும்."

"எங்க போயிட்டா?"

"ஐயோ, என்னா கேள்வி கேக்குறே நீ? சாமான் வாங்க பாசாருக்கா போவாங்க? மேலதான்!"

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமைகளில் கிடங்கின் முன்பக்கத்தைக் கடையாகத் திறப்பார்கள். திறக்கும் முன் துணிமேல் வாசனைத் தண்ணீர் அடிப்பது என் பொறுப்பு. துவைப்பது கிடையாது, அடிப்பது மட்டும்தான். பிணத்துக்குப் பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. போன மாதம் சுபாங் ஜெயாவிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் மேல்படிப்புக்குக் குளிர் தேசம் போகிறானாம். ஒரு நீலக் கோட்டை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, "அண்ணே, இது வாஷ் பண்ணதுதானே?" என்று கேட்டார். "வாஷ் பண்ணதுதான் ஆன்டி, பயப்படாம போடலாம்" என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவர் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். எனக்கு என் நாக்கையே துப்பிவிடலாம் போல இருந்தது.

இனி நம் வீட்டு விஷயம். கோத்தகிரியில் அந்தத் தகரக் கூரை வீட்டில் மார்கழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஜன்னல் இடுக்கில் பேப்பர் அடைத்து, கதவடியில் சாக்கைச் சுருட்டி வைத்தாலும் சுவர் ஊறிக்கொண்டுதான் இருக்கும். போன குளிருக்கு அம்மா கரிச்சட்டியில் தணல் எடுத்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். விடிந்ததும் நிவேதா, நீ எழுந்து வாந்தி எடுத்தாய். தருண் எழுப்ப எழுப்பத் தலையைத் தொங்கப்போட்டான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ரெண்டு பிள்ளையும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாவைத் திட்டினார். அம்மா அதைப் போனில் சொன்னபோது என் கையில் ஒரு பஞ்சுக்கோட்டு இருந்தது. இத்தனை ஆயிரம் கோட்டைப் பிரித்துப் போடுகிறவன் பிள்ளைகள் தணலுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறார்கள்.

அதனால் இந்த வருஷம் தவுக்கேயிடம், அதாவது எங்கள் முதலாளியிடம், தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், ஊரில் பிள்ளைகளுக்குக் குளிர் என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தியா செஜுக்? மானா அடா!" இந்தியாவில் குளிரா, எங்கே இருக்கு என்கிறார். மேகலா அக்காவும் நம்பவில்லை. "நீ அங்க அனுப்பி விக்கப் போறே, அப்படித்தானே?" என்றாள். நம் வீட்டுக் கூரையில் காலையில் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கிற போட்டோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "பாவம்லா புள்ளைங்க" என்றாள். சுமாரான குவியலிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

தருண் ஆள் உயரம் வளர்ந்துவிட்டதால் அவனுக்குப் பெரியவர் கோட்டே ஒன்று உடனே கிடைத்துவிட்டது. நிவேதா அளவுக்குத்தான் எதுவுமில்லை. சிறுபிள்ளைத் துணியெல்லாம் நேராக முதல் குவியலுக்குப் போய்விடும், நாங்கள் தொடக் கூடாது. கடைசியில் அந்தப் பெயர் தைத்த மூட்டையிலிருந்து சுமாரான குவியலுக்குப் போனதில் இருந்தது, சிவப்பு ஜெர்கின், உள்ளே வாத்து இறகு அடைத்தது. வயதானவர்கள் சுருங்கிப்போய்விடுகிறார்கள் பிள்ளைகளே. எண்பது வயதுக்காரியின் கோட்டு பதின்மூன்று வயசுப் பெண்ணுக்குச் சரியாக வருகிறது. வெந்நீரில் மூன்று தடவை அலசினேன். கழுத்தில் இருந்த துண்டைப் பிளேடால் அறுத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்சல் கடையில் கொடுத்துவிட்டு, நிவேதா, உனக்குப் போன் போட்டு, கடையில் புதுசாக வாங்கியது என்றேன். அந்த ஆன்டிக்குச் சொன்ன அதே பொய், அதே குரல்.

உள்பையில் இன்னொரு துண்டு இருந்ததை நான் பார்க்கவில்லை. நீ அதைப் போனில் படம் பிடித்து, மொழிபெயர்த்து, வீடியோவில் என் முன்னால் நீட்டினாய்.

"ஏதோ முதியோர் இல்லம்னு வருதுப்பா. ரூம் நம்பர், ஒரு பாட்டி பேர் எல்லாம் வருது. இது யாருதுப்பா?"

"கம்பெனி பேரா இருக்கும்மா."

"ரூம் நம்பர் போட்டா கம்பெனி பேர் எழுதுவாங்க? செத்தவங்க துணியாப்பா?"

 நீ அதை உதறிக் கழற்றி, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். அம்மா போனை வாங்கி, "அவ சாகுற வரைக்கும் இதத் தொட மாட்டா. சட்டியத்தான் திரும்ப உள்ள வைக்கணும்" என்றாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை நிவேதா. உன் வயதைத் தாண்டிய பிறகும் நான் அதைவிட மோசமாக நடந்திருக்கிறேன். தேயிலை ஃபேக்டரியில் என்னோடு ராஜு என்று ஒருவன் மூட்டை தூக்கினான். இறந்துபோன ஒருவரின் ஸ்வெட்டரைச் சுடுகாட்டோரம் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். நம் பக்கம் அந்தத் துணியை யார் தொடுவார்கள்? "வாடா பொண ஸ்வெட்டரு" என்றுதான் கூப்பிட்டோம். டீ குடிக்க அவனுக்குத் தனி டம்ளர் ஒதுக்கியவன் நான்தான். அவனுக்கு வேறு ஸ்வெட்டர் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். இன்றைக்கு நினைத்தால் துணியைவிட அந்த டம்ளர்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆகவே உண்மை இதுதான். அது செத்துப்போன ஒரு கிழவியின் ஜெர்கின். நான் அறிந்தேதான் அனுப்பினேன். தருணுடையது யாருடையது என்று எனக்குத் தெரியாது. போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் கரிச்சட்டி மட்டும் அறைக்குள் வரக் கூடாது. இதை அப்பா கெஞ்சிக் கேட்கிறேன் என்று அம்மாவிடம் காட்டுங்கள். சுடுதண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, துணி சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். பாய்க்குக் கீழே அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள், தரைக் குளிர் ஏறாது. தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் படுங்கள். அந்தச் சிவப்பை உடம்பில் போட மனசில்லை என்றால் கம்பளிக்கு மேலே விரித்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் எரித்துவிடுங்கள், ஆனால் வெளியே வைத்து.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கிடங்கில் நான் மட்டும் இருந்தேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கோட்டுகளில் ஒன்றைக்கூட நான் போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் பிரித்த மூட்டையிலிருந்து பெயர் தைத்த ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்து மாட்டி, கழுத்து வரை ஜிப்பை இழுத்தேன். கிடங்கின் தகரக் கூரை தகித்தது. பெயர்த்துண்டு பிடரியில் உரசியது. ஆனாலும் கழற்றவில்லை. மேகலா அக்காவின் சிரிப்புச் சத்தம் தெருவில் கேட்ட பிறகுதான் கழற்றினேன். உள்துணி முழுக்க என் வியர்வை. அதை மடித்து, எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.