இரண்டாவது சீடியில் அழுத மனுசி

என் கணவர் ஒரே படத்தை மூன்று தடவை காசு கொடுத்து வாங்கி அனுப்பியவர். அதில் அவருக்குப் பெருமை வேறு. பரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் அவருக்கு வேலை. ஊருக்கு வருகிற ஆட்கள் யாரிடமாவது மகளுக்கென்று ஒரு பொதி கொடுத்துவிடுவார். சொக்கிளேற், சப்பாத்து, அவற்றுக்கு நடுவில் நசுங்காமல் ஒரு கார்ட்டூன் படம். மலைக் கிராமங்களுக்குத் தபால் சுமக்கும் ஒரு கழுதைக்குட்டியின் கதை அது. முதலில் சாதாரணப் பெட்டி வந்தது. அடுத்த வருடம் இரண்டு சீடி வைத்த பெட்டி வந்தது. அதற்கும் பிறகு தகரத்தில் ஒன்று, மூடியில் கழுதையின் முகம் புடைத்து நின்றது. அட்டைப்படம் மாறியிருந்ததால் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று நினைத்து வாங்கியிருக்கிறார் மனுசன். நான் போனில் சொன்னபோது, "வடிவாப் பாரும், உது வேறை கதையாத்தான் இருக்கும்" என்று வாதாடினார். போட்டுப் பார்த்தது நான், கதை தெரிந்தது அவருக்கு.

அந்த நாட்டுச் சீடி எங்கள் பிளேயரில் ஓட மாட்டேன் என்றது. சுன்னாகத்தில் ஒரு கடைக்காரர் ரிமோட்டில் எதையோ அமத்திப் பிளேயரின் பூட்டைத் திறந்துவிட்டார். படம் முழுக்கப் பிரெஞ்சு. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கழுதை பள்ளத்தில் விழுந்தால் யாருக்கும் விளங்கும்.

மகள் படத்தைப் பார்த்து முடித்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் கூடுதலாக என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள். முதல் பெட்டியில் பாட்டுகள் மட்டும். அடுத்ததில் படத்தை எப்படி வரைந்தார்கள் என்று அரை மணித்தியாலம் ஓடியது. தகரப் பெட்டியின் இரண்டாவது சீடியில்தான் விசேடம் இருந்தது. படத்திலிருந்து வெட்டி எறிந்த ஒரு காட்சி, பென்சில் கோடுகளாகவே. கழுதைக்குட்டி பனிக்குள் தனியாக நடந்து போகிறது. அது முடிந்ததும் அதை வரைந்த மனுசி மேசைக்கு முன்னால் இருந்து தாள்களைப் புரட்டிக்கொண்டு கதைக்கிறார். கதைக்கக் கதைக்கக் குரல் கம்முகிறது. கண்ணையும் மூக்கையும் துடைக்கிறார். கீழே ஒரு எழுத்தும் ஓடாது.

"அப்பா, உந்த மனுசி ஏன் அழுறா?" என்று மகள் போனில் கேட்டாள்.

"நான் வந்து உன்னோடை இருந்து பாத்து ஒவ்வொரு சொல்லாச் சொல்லுறன் குஞ்சு. அப்பாவுக்குப் பிரெஞ்ச் தண்ணிபட்ட பாடு."

நான் அப்போதே அடுப்படியில் தலையில் கை வைத்தேன். அங்கே அவருக்குப் பல்லு வலி என்றாலும் கூட வேலை செய்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் டொக்டரிடம் போவார். கழுவு, வெட்டு, கெதியா, சூடு, முடிஞ்சுது. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான், அதுவும் சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவில் கத்துகிற பிரெஞ்சு. அதை அவரே எனக்குச் சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறார். மகளிடம் மட்டும் வேறு ஆளாக இருக்க ஆசைப்பட்டார்.

அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவர். விசாப் பிரச்சினை எல்லாம் ஒரு வழியாகத் தீர்ந்து, இந்த வருடம்தான் முதல் தடவையாக லீவில் வந்தார். அவளுக்கு இப்போது பத்து வயது. சுன்னாகம் புகையிரத நிலையத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். போனில் நாளுக்கு நூறு தரம் அப்பா அப்பா என்கிற பிள்ளை, அவரைக் கண்டதும் எனக்குப் பின்னால் போய் ஒளிந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கண்டதெல்லாம் உள்ளங்கை அளவு முகம். இங்கே வயிறும் காலும் வியர்வையும் பைகளுமாக ஒரு முழு மனிதர் வந்து இறங்கினார்.

சண்டிலிப்பாய்க்கு வந்து சேரவும் வீடு நிறையச் சனம். சூட்கேஸ் திறக்கிற நேரம் பார்த்து எல்லோரும் வந்திருந்தார்கள். "எங்கை, அப்பாவைக் கூப்பிடு பாப்பம்" என்று ஆளுக்கு ஆள் அவளை முன்னுக்குத் தள்ளினார்கள். ஆட்டுக்குட்டியைச் சந்தையில் தள்ளுவதுபோல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எல்லோரையும் வெளியே போகச் சொல்லியிருப்பேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சாப்பிட வரட்டாம்." "தேத்தண்ணி ஆறுது." சுவருக்குச் சொல்வதுபோல இருக்கும். சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அவருக்கு அது விளங்காமல் இல்லை. ஒருநாள் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்று, "போனிலை கூப்பிட்டவள்தானே, இப்ப என்ன வந்தது?" என்று என்னிடம் கேட்டார். "ஒருக்காக் கூப்பிட்டாலும் காணும். பிறகு நான் பேசாமல் போயிடுவன்" என்றார். கேட்டுக்கொண்டு நிற்க எனக்குப் பெரிய பாவமாக இருந்தது.

மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வந்த மறுநாளே தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "இரண்டாவது சீடி" என்றாள். அவர் "ஓம் ஓம், நாளைக்கு" என்றார். மறுநாள் கீரிமலையில் குளிக்க வேண்டும் என்றார். அடுத்த நாள் தன் அண்ணையின் தோட்டத்தில் தண்ணிப் பம்ப் பழுது என்று போனார். பம்ப்பைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. இன்னொரு நாள் காங்கேசன்துறைக்குக் கப்பல் பார்க்கப் போனார். அன்றைக்குக் கப்பலே இல்லை. பெட்டி ரீவிக்கு மேலேயே இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் முதலில் அதைப் பார்ப்பாள், பிறகு அவரைப் பார்ப்பாள்.

நான் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டே விட்டேன். "தெரியாதெண்டு சொல்லிப்போடுங்கோவன். தெரியாட்டில் என்ன, தலையே போயிடும்?"

"இவ்வளவு காலமும் தெரியும் தெரியும் எண்டு சொல்லிப்போட்டு இப்ப எப்பிடிச் சொல்லுறது? என்னட்டை அவளுக்கு எண்டு வேறை என்ன கிடக்கு?"

லீவு கரைந்துகொண்டு போனது.

அவர் திரும்பிப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, அந்த மனுசி அழேல்லை" என்றாள். "அவவுக்குத் தடிமன்."

"எந்த மனுசி?"

"இரண்டாவது சீடி மனுசி. நான் உங்கடை போனை ரீவிக்குக் கிட்டப் பிடிச்சனான். அது தமிழிலை சொல்லிச்சுது. பனி வரையிறது சரியான கஸ்டமாம். கழுதையின்ரை கால் பனிக்குள்ளை பிழையா வந்திட்டுதாம். அதாலை தூக்கி எறிஞ்சவையாம். பிறகு 'மன்னிக்கவும், எனக்குச் சளி பிடித்துள்ளது' எண்டு சொல்லுறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "எப்ப பாத்தனீ?" என்றேன்.

"அவர் வாறதுக்கு முந்தியே."

"பிறகேன் பிள்ளை அப்பாவைப் போட்டு அரிக்கிறாய்?"

அவள் தேங்காய்ப் பூவில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். "அவர் என்ன சொல்லுறார் எண்டு பாக்க" என்றாள்.

வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இது விளையாட்டில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பொய் சொன்னால் அவள் அவரை இனி எந்தக் காலத்திலும் நம்ப மாட்டாள். போனில் சொன்னது, இனிச் சொல்லப் போவது எல்லாம் சேர்ந்து போய்விடும். என் பிள்ளையை எனக்குத் தெரியும். பிடிவாதத்தில் அவள் என்னைப் போல.

கையைக் கழுவிக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். பின் வளவில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ, உந்தச் சீடி விசயம்..." என்று தொடங்கினேன்.

"திரும்பவும் அதே கதையோ? எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியும். நீர் சும்மா இரும்" என்று பாய்ந்தார்.

எனக்கும் சுள்ளென்று ஏறிவிட்டது. சரி, நல்லாகப் படட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். அடுப்பை மூட்டி முடிப்பதற்குள் ஆத்திரம் இறங்கிவிட்டது. மறுபடி போவோம் என்று எழும்பினால், அதற்குள் அவருடைய அண்ணை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நின்றார். பிறகு அவரைத் தனியாகப் பிடிக்கவே முடியவில்லை. பரிமாறும்போது கண்ணால் சாடை காட்டினேன். அவர் உப்புக் குறைவு என்று சொல்கிறேனாக்கும் என்று நினைத்து, "எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்த அண்ணையின் கண்ணில் தகரப் பெட்டி பட்டது. "உதென்ன பெட்டி?" என்றார். மகள் சொன்னாள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "போடு பிள்ளை, போடு. உன்ரை அப்பா வெள்ளைக்காரனோடை வெள்ளைக்காரன் மாதிரிக் கதைக்கிறவன். நாங்களும் கேப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். என் கணவர் ஒரு தரம் வாசலைப் பார்த்தார். போகிறதுக்கு இடமில்லை.

மகள் சீடியைப் போட்டாள். கழுதைக்குட்டி பனிக்குள் நடந்தது. மனுசி வந்தார், தாள்களைப் புரட்டினார், கதைத்தார். இவர் முன்னால் குனிந்து மனுசியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டி முடிந்தது.

"திருப்பிப் போடு" என்றார்.

திருப்பிப் போட்டாள். இந்த முறை மனுசி கண்ணைத் துடைக்கிற இடத்தில் நிறுத்தினாள். ரிமோட் ஒரு கையில், என் போன் மடியில். "இதிலை என்ன சொல்லுறா?" என்று கேட்டாள். அப்பா என்ற சொல் அதிலும் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். தெரியாதென்று சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

"உவ... தன்ரை வேலையைப் பற்றிச் சொல்லுறா" என்று தொடங்கினார்.

பொய்! எனக்கு அவரை உலுப்ப வேண்டும் போலிருந்தது. மகளின் முகம் இறுகியது. அவள் மடியிலிருந்த போனை எடுத்தாள்.

"விடிய எல்லாரும் எழும்ப முந்திப் போறவவாம். நாள் முழுக்க நிண்டு நிண்டு காலெல்லாம் வீங்கிப்போமாம். அவவுக்கு ஒரு மகளாம்." நிறுத்தினார். "அந்தப் பிள்ளை நடக்கத் துவங்கினதை அவ காணேல்லையாம். பல்லு விழுந்ததையும் காணேல்லையாம். எல்லாம் மற்ற ஆக்கள் சொல்லித்தான் தெரியுமாம். வீட்டை வந்து பாத்தால் பிள்ளை வளந்திட்டுதாம். அதோடை என்ன கதைக்கிறதெண்டு அவவுக்குத் தெரியேல்லையாம். அதுதான் அழுறா."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் வேண்டுமென்றே சொன்னாரோ, வேறு ஒன்றும் வாயில் வராமல் சொன்னாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. போன் மகளின் கையில் இருந்தது. ஒரு விரலால் அமத்தினால் போதும்.

அவள் போனைத் திருப்பி மேசையில் குப்புற வைத்தாள்.

"அவவின்ரை மகளுக்கு எத்தினை வயசாம்?" என்று கேட்டாள்.

அவர் தடுமாறினார். "அதை... அதை அவ சொல்லேல்லைப் பிள்ளை."

"சொன்னவ, அப்பா" என்றாள் மகள். "பத்து வயசாம்."

"பாத்தியே, பிள்ளைக்கும் பிரெஞ்ச் விளங்குது!" என்று அண்ணை தொடையில் தட்டினார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. என் கணவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளிறிப் போய், பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது.

"ஓம் குஞ்சு" என்றார். "பத்துத்தான். எனக்குத்தான் சரியாக் கேக்கேல்லை."