பக்கத்து நாற்காலி

காலை ஐந்தரைக்கு அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் போயிட்டாரு" என்றாள். இதிலும் முந்திக்கொண்டாரே என்றுதான் சின்னவருக்கு முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே சலூன், இரண்டு நாற்காலிகள். தம்பியின் நாற்காலி காலியாகக் கிடந்தாலும், வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டுவார்கள். பெரியவர் முடிக்கட்டும், அவசரமில்லை என்பார்கள். கேட்கும்போதெல்லாம் சின்னவருக்கு வயிறு எரியும். சுத்தமாக இருக்கும் கத்தியை மறுபடி துடைப்பார்.

கொலஸ்டிரால் இருவருக்கும்தான் இருந்தது. ஆனால் டாக்டர் அண்ணனுக்கு மட்டும் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதிலும் அவருக்குத்தான் பெரிசா என்று சின்னவர் வீட்டில் பொருமினார். "வேணும்னா நீங்களும் அழுது வாங்கிக்குங்க" என்று மனைவி சிரித்தாள்.

சில வாரங்களில் அண்ணனுக்குத் தொடையும் தோளும் அடித்துப் போட்டாற்போல் வலித்தன. நின்று நின்று வந்த வலி என்று சொல்லி வீட்டில் படுத்துவிட்டார். வாடிக்கையாளர்கள் வேறு வழியில்லாமல் தம்பியிடம் வந்தார்கள். சின்னவருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனைப் போய்ப் பார்க்கக்கூட நேரமில்லை.

சிறுநீர் கறுத்து, முகம் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. மாத்திரையால் எப்போதோ ஒருவருக்கு இப்படித் தசை சிதையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். வலி தொடங்கியதுமே வந்திருக்க வேண்டுமாம்.

வார்டிலும் நர்சுகள் அண்ணனையே சுற்றி வந்தார்கள். சின்னவர் மூலையில் நின்றார். அண்ணன்தான் கூப்பிட்டார்.

"டேய், தாடி அரிக்குது. வழிச்சு விடு."

இத்தனை காலமும் கண்ணாடி பார்த்துத் தானே மழித்துக்கொண்டவர், முதல் தடவையாகத் தம்பியிடம் முகத்தைக் கொடுத்தார். இடது கன்னம் முடிந்தபோது, கண்ணை மூடியபடியே பேசினார்.

"உன் கை பூ மாதிரி இருக்குடா. எனக்கு எப்பவோ தெரியும். அதான் ஒருத்தனையும் உன் பக்கம் போகச் சொல்லல. ருசி கண்டுட்டா திரும்ப வரமாட்டான்."

சின்னவரின் கத்தி அந்தரத்தில் நின்றது. அதை நுரை பூசிய வலது கன்னத்தில் வைப்பதற்குள், டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டது என்று நர்ஸ் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கிருந்து அண்ணனை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

விடிந்ததும் உடலைப் பார்க்கப் போனார். வலது கன்னத்தில் யாரோ நுரையை மட்டும் துடைத்திருந்தார்கள். தாடி அப்படியே இருந்தது.