பாரிஸில் கப்பலேறிய கொள்ளுத்தாத்தா

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த மழைத்தெருப் படம் மெட்ராஸ் என்றுதான் ஐம்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பழைய தமிழ்க் காலண்டரில் வந்த ஓவியம். வரைந்தவர் பேரைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது 'பாரிஸ், மழை நாள்' மட்டும். மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற பாரிஸ் கார்னர் எனக்குத் தெரியாதா? கொள்ளுத்தாத்தா அங்கிருந்துதானே கப்பலேறி, ரங்கூன் முனிசிபாலிட்டிக்கு ரோடு போட வந்தார்! குடை பிடித்துப் போகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களாக இருக்கிறார்களே என்று யாராவது கேட்டால், "துரைமார் தெருங்க" என்பேன். வலது ஓரத்தில் முதுகு காட்டி நடப்பவரைக் கொள்ளுத்தாத்தாவாகவே ஆக்கிவிட்டேன். அவர் தலைத் தொப்பிக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

மகளை விரும்பிய பர்மியப் பையனின் அப்பா ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். வாத்தியாரை இங்கே 'ஸயா' என்போம். முதல்முறை வந்தபோது ஸயாவுக்கும் இதே கதையை அளந்தேன். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியா" என்றார்.

அவர் மறுபடி வருவதாக இருந்த நாள் காலையில் மகள் போனை நீட்டினாள். அதே படம்.

"அப்பா, இது ஃபிரான்ஸ் பாரிஸ்ப்பா!"

"உங்க கொள்ளுத்தாத்தா எப்பங்க ஃபிரான்ஸுக்குப் போனாரு?" என்றாள் மனைவி.

ஓவிய வாத்தியாரிடமே புளுகியிருக்கிறேன். புளுகன் வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள்? படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். சுவரில் அதே அளவுக்கு வெளுப்பாக ஒரு கட்டம் பல்லிளித்தது. ஸயா வந்ததும் அதன்மேல் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். டீ வந்தது, நின்றேன்.

"உக்காருங்களேன்."

"இடுப்பு வலி, ஸயா."

"கொள்ளுத்தாத்தாவைக் காணோமே?"

மகள் சிரித்துவிட்டாள். அவளே படத்தை எடுத்துவந்து கொடுத்தாள். ஸயா அதை மடியில் வைத்துத் தூசி துடைத்தார்.

"இந்த பாரிஸ், பழைய சந்தெல்லாம் இடிச்சு, கோடு போட்டுக் கட்டின ஊரு. நம்ம ரங்கூனும் கோடு போட்டுக் கட்டினதுதானே? வரைஞ்சவரும் வசதிக்காரர், தன்னை மாதிரி ஆளுங்களையே வரைஞ்சார். ரோடு போட்டவனை நீங்கதான் உள்ளே கொண்டுவந்தீங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஸயா?"

"ஆனாடெ" என்றார். அடுத்தவர் முகம் வாடிவிடுமே என்று தயங்குவதற்குப் பர்மியர் சொல்லும் சொல். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

முதல்முறை வந்துவிட்டு வீட்டுக்குப் போனதுமே அவர் சம்மதம் சொல்லிவிட்டாராம். இந்த முறை வந்தது கல்யாணத்துக்கு நாள் கேட்க.